பரணிலிருந்து முப்பது மீட்டர்

மே 4, திங்கள்

எங்கள் குரங்குப் பாதுகாப்பு ஆபீசை நடத்தும் மைதிலி மேடம் இன்று எனக்கு ஒரு நோட்டு கொடுத்தார். தேதி, காற்று, எத்தனை அம்பு, ஒவ்வொன்றும் எங்கே போய் விழுந்தது, எல்லாம் எழுத வேண்டுமாம். அதை முன்பக்கத்திலிருந்து எழுதுவேன். பின்பக்கத்திலிருந்து எழுதுவது எனக்கு. மேடம் குரங்குகளைத் தவிர வேறு எதையும் திருப்பிப் பார்க்கிற ஆள் இல்லை.

விஷயம் இதுதான். எங்கள் எஸ்டேட்டுக்குக் கீழே வால்பாறை ரோடு ஒரு சோலைக்காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. அங்கே பதினேழு சோலைமந்திகள், அதாவது சிங்கவால் குரங்குகள், இருக்கின்றன. போன மாதம் வரை ரோட்டுக்கு மேலே இரண்டு பக்கத்துக் கிளைகளும் தொட்டுக்கொண்டிருந்தன, மந்திகள் மேலேயே தாண்டிப் போகும். ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் கிளைகளை வெட்டிவிட்டார்கள். இப்போது அவை தரையில் இறங்கிக் கடக்கின்றன. ஏப்ரல் 19 அன்று ஒரு தாய் லாரியில் அடிபட்டது. குட்டி அதன் வயிற்றை விடவே இல்லை. நான்தான் பிரித்து எடுத்தேன். அன்று மாலை அந்தக் குட்டியும் போய்விட்டது.

அதனால் பழைய தீயணைப்புத் துணிக்குழாயில் மந்திகளுக்கு ஒரு பாலம் கட்டப் போகிறோம். மேட்டுப் பக்கத்து மரத்தில் ஏறலாம். பள்ளத்து மரத்தில் ஏற முடியாது, கீழ்க்கிளையில் மலைத்தேனீ நான்கு அடை வைத்திருக்கிறது. புகை போட்டு விரட்ட மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே மேட்டு மரத்தில் இருபத்தைந்து மீட்டர் உயரத்தில் ஒரு பரண். அங்கிருந்து தூண்டில் நரம்பு கட்டிய அம்பைப் பள்ளத்து மரத்தில் கிளை பிரிகிற கவைக்குள் விட வேண்டும். அம்பு மறுபக்கம் விழுந்தால் நரம்பைப் பிடித்துக் கயிற்றையும், கயிற்றைப் பிடித்துப் பாலத்தையும் இழுத்துவிடலாம். கவை ஒரு முறம் அகலம். இடது பாதிக்குள் போனால் சரி. வலது பாதிக்குள் போனால் நரம்பு தேனடை மேல் விழும்.

ஆபீசில் வில் பிடித்தவள் நான் ஒருத்திதான். பதினாறு வயதில் மாநில ஜூனியர் பதக்கம். இப்போது முப்பத்தொன்று. காலை ஆறிலிருந்து ஏழு வரை ரோட்டை மறிக்க அனுமதி, மே 30 வரை. அதற்குப் பிறகு மழை. மழைக்காலத்தில் மரம் ஏறுவதில்லை, அக்டோபர்வரை ஒன்றும் நடக்காது. அக்டோபருக்குள் பதினேழில் எத்தனை மிஞ்சும்?

முடித்துவிடுவேன்.

மே 5, செவ்வாய்

ஏறினேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. பரணில் நின்று கீழே பார்த்தபோதுதான் இரண்டு கையாலும் தண்டைக் கட்டிக்கொண்டேன்.

பெல்ட்டிலிருந்து மரத்துக்குக் கயிறு கட்டியவர் சவரி. ஆபீஸ் பதிவில் அவர் மரமேறி. என் ரேஷன் கார்டில் புருஷன். ஒன்றரை வருடமாக நான் அம்மாவோடு எஸ்டேட் குடியிருப்பின் நாலாம் நம்பர் லைனில் இருக்கிறேன், அவர் ஒன்பதாம் நம்பர் லைனில். வேலை விஷயம் தவிர வேறு பேச்சு கிடையாது.

"கட்டியிருக்கு. தைரியமா சாஞ்சுக்க" என்றார்.

நான் முடிச்சை மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். மரம் ஏறும் பதிவேட்டில் "முடிச்சு பார்த்தது" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் மூன்று டிக் போட்டேன். மூன்றையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

மே 6, புதன்

மூன்று அம்பு. மூன்றும் கவைக்கு மேலே, மரத்துக்கும் மேலே, பள்ளத்துக்குள். ஒவ்வொரு தரமும் நரம்பைச் சுருட்டித் திரும்ப முறத்தில் வட்டம் வட்டமாக அடுக்க இருபது நிமிடம். சிக்கில்லாமல் நரம்பு ஓட முறத்தை விட நல்ல பாத்திரம் இல்லை. அம்மாவின் முறத்தைத்தான் எடுத்துவந்தேன், அவளுக்கு இன்னும் தெரியாது.

லேசர் கருவி முப்பத்தைந்து மீட்டர் என்றது. வில்லில் தூரத்துக்கேற்ப நகர்த்துகிற குறிமுள்ளை முப்பத்தைந்துக்கு வைத்துத்தான் விட்டேன். தரையில் இதே நரம்பு, இதே அம்பு, முப்பத்தைந்தில் வைத்தது வைத்த இடத்தில் குத்தியது. மரத்தின் மேலே என்ன வந்தது?

மே 7, வியாழன்

மழை. ஏறவில்லை. காலில் பதினோரு அட்டை.

மே 8, வெள்ளி

இரண்டு அம்பு. இரண்டும் மேலே. வாக்கி டாக்கியில் கீழே இருந்த சவரி, "மேல போகுது" என்றார். கண் எனக்கும் இருக்கிறது என்று சொன்னேன். பிறகு மேடம் வாக்கியில் வந்து, "லூர்து, பேசறது எனக்கும் கேட்குது" என்றார்.

மே 11, திங்கள்

இரண்டு நாளாக டீ ஃபேக்டரியில் பழகினேன். மூன்றாம் மாடி, இலை வாட்டுகிற இடம், ஜன்னல் பெரியது. கீழே முற்றத்தில் தேயிலைக் கழிவு அடைத்த சாக்கைக் குறியாக நிறுத்தினேன். கருவி இருபத்தெட்டு மீட்டர் என்றது. இருபத்தெட்டுக்கு வைத்தால் சாக்குக்கு மேலே போகிறது. கோபத்தில் கீழே இறங்கிப் போய், ஜன்னலுக்கு நேர் கீழே சுவரிலிருந்து சாக்குவரை நூல் போட்டு அளந்தேன். இருபத்தைந்துதான்! குறிமுள்ளை இருபத்தைந்துக்கு இறக்கினேன். சாக்கின் நடுவில் குத்தியது. அடுத்ததும் குத்தியது. மூன்றாவதும்.

அப்படியென்றால் மேலிருந்து சாய்வாகப் பார்க்கிற தூரத்தை எடுக்கவே கூடாது. தரையோடு தரையாக எவ்வளவு தூரமோ, அந்த அளவுக்குத்தான் அம்பு வழியில் தாழும். மைதானத்தில் வளர்ந்த எனக்கு இது தெரியாது, அங்கே இரண்டும் ஒன்றுதான். ரோட்டையும் சேர்த்து மரத்துக்கு மரம் அளந்தோம். முப்பது. கருவி சொன்ன முப்பத்தைந்து இல்லை, முப்பது!

சந்தோஷத்தில் அம்மாவிடம் முறத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். திட்டு விழுந்தது, முறத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

மே 12, செவ்வாய்

முப்பதுக்கு வைத்தேன். கவைக்கு ஒரு முழம் மேலே. முன்பைவிட நல்லது, ஆனாலும் மேலே.

மே 13, புதன்

மேடம் தன் ஃபோனில் என்னைப் படம் எடுத்தார். பார்த்தேன். இடுப்புக்குக் கீழே நட்ட கம்பம். இடுப்புக்கு மேலேயும் கம்பம். வில் பிடித்த கை மட்டும் கீழே தொங்குகிறது. கை தொங்கினால் நாணை முழுசாக இழுக்க முடியாது, முகத்தில் படுகிற இடமும் மாறிவிடும். அப்படிப்பட்ட அம்பு எங்கே போகும் என்று அதற்கே தெரியாது.

விளையாட்டு விடுதியில் கோச் கையில் ஒரு பிரம்பு வைத்திருப்பார். இடுப்பு அசைந்தால் இடுப்பிலேயே விழும். மூன்று வருடம் அடி வாங்கி இடுப்பை அசையாமல் வைக்கக் கற்றேன். பரணில் அதைத்தான் இப்போது மறக்க வேண்டும். தரையில் நிற்பதுபோலவே நாணை இழுத்துவிட்டு, பிறகு இடுப்பை மடக்கி உடம்பையே குறிக்குக் குனிக்க வேண்டும். ஃபேக்டரி ஜன்னலில் அப்படித்தான் செய்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். அங்கே வயிற்றுக்குச் சுவர் இருந்தது.

பரணில் சுவர் இல்லை. குனிந்தால் பாதி உடம்பு வெளியே. கயிறுதான் பிடிக்கும்.

மே 14, வியாழன்

இரண்டு அம்பு, இரண்டும் மேலே. இடுப்பை மடக்க முடியவில்லை. தோள் வலி. பழைய வலி, தோளில் ஆரம்பித்து இடுப்புக்கு வருகிறது என்று மேடத்திடம் சொன்னேன்.

இறங்குவதற்குள் மந்திக் கூட்டம் வந்துவிட்டது. மணி ஏழு தாண்டி ரோடு திறந்திருந்தது. காது கிழிந்த பெண் ஒன்று இருக்கிறது, வயிற்றில் ஒட்டிய குட்டியோடு. ரோட்டோரம் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தது. பாதி ரோடு வந்தபோது ஜீப் ஒன்று வளைவில் திரும்பியது. மேலிருந்து கத்தினேன். கிழிந்தகாது என் சத்தத்துக்கு மிரண்டு, ஓடாமல் நடுரோட்டில் நின்றுவிட்டது. சவரி ஓடிப்போய் ஜீப்புக்கு முன்னால் கையை விரித்து நின்றார். ஜீப்காரர் இறங்கி அவரைக் கன்னாபின்னாவென்று திட்டினார். இவர் சிரித்துக்கொண்டே, "குடும்பம் போகுது சார், ரெண்டு நிமிஷம்" என்றார்.

யாருக்காகவாவது குறுக்கே வந்து நிற்க அவருக்குத் தெரியும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

மே 16, சனி

முதல் அம்பு கவைக்குள் போனது. வலது பாதி. நரம்பு தேனடைக் கிளை மேல் விழுந்து மாட்டிக்கொண்டது. அம்பு எடுக்கச் சவரி மரத்தடியில் நின்றிருந்தார். தேனீ கலைந்து அவரைக் கொட்டியது. ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

முன்பக்கத்தில் எழுதியது: காற்று. நரம்பு மாட்டியது.

மே 17, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். சவரிக்காகப் பூசையில் பேர் சொல்லி வேண்டினார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

அம்மா கஞ்சி வைத்தாள். "எடுத்துட்டுப் போ" என்றாள். தலைவலி என்றேன். அவளே தூக்குவாளியோடு பஸ் ஏறிப் போய்விட்டு வந்தாள். "அம்பது கொட்டுக்கு மேல. மூஞ்சியப் பாத்தா யாருன்னே தெரியல. எடது கண்ணு தொறக்கல. உன்னையத்தான் கேட்டாரு, மரத்துல இருந்து பத்திரமா எறங்கிருச்சான்னு." நான் துணி துவைக்கப் போனேன்.

மே 18, திங்கள்

என்ன நடந்தது என்று மேடம் மறுபடி கேட்டார். காற்று என்றேன்.

மே 20, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேரே சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கட்டில் பக்கத்தில் நின்றதும் மருந்து, சாப்பாடு, கொசு என்று எல்லாம் பேசினேன். பிறகு சொன்னேன்.

"நரம்பை இழுக்காத, அறுத்து விடுன்னு நீங்க வாக்கியில சொன்னது எனக்கு நல்லாவே கேட்டுச்சு. ஏழு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்துச்சு. அறுத்தா அன்னைக்கு அவ்வளவுதான். அதான் சுண்டி இழுத்தேன்."

"தெரியும்" என்றார். "நரம்போட அந்த முனை என் கையிலதான இருந்துச்சு."

"பின்ன ஏன் மேடத்துகிட்ட சொல்லல?"

"சொன்னா உன்னைய எறக்கிருவாங்க. வேற யாரு விடுறது?"

ஒரு கண் துணிக்குள், ஒரு கண் வீங்கிப் பாதி திறந்து. இந்த முகத்தோடு எப்படிச் சண்டை போடுவது? ஆனாலும் போட்டேன். இரண்டு வருடமாக வயிற்றில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். கோயம்புத்தூர் பள்ளியில் எனக்கு வில்வித்தை கோச் வேலை கிடைத்து, இரண்டு பேரும் போவதென்று முடிவாகி, இரண்டு பெட்டியோடு நான் வால்பாறை பஸ் ஸ்டாண்டில் காலை ஆறரையிலிருந்து பத்துவரை நின்றேனே, எங்கே போனீர்கள்?

"மரத்துல இருந்தேன்" என்றார். "நெசமாத்தான். ஏறி உக்காந்துட்டேன். பஸ் போற சத்தம் கேக்குற வரைக்கும் எறங்கல."

"ஏன்?"

"பயம் லூர்து. அந்த ஊரு, அந்தக் கூட்டம். போன தடவை காந்திபுரத்துல ரோட்டத் தாண்ட முடியாம முக்கா மணி நேரம் நின்னேன். ஒரு கெழவி கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நாற்பது மீட்டர் மரத்தில் பீடி பற்றவைக்கிற ஆள். எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. ஆறு மாதம் அந்த ஊரில் தனியாக இருந்து, முடியாமல் திரும்பி வந்தவள் நான். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருப்பேனே. அதையும் சத்தமாகவே சொன்னேன். நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பினார்.

திரும்பி வந்து மேடத்திடம் உண்மையைச் சொன்னேன். "இன்னொரு தடவை இப்படி நடந்தா வில்லை வாங்கிடுவேன்" என்றார். முன்பக்கத்தில் "காற்று" என்பதை அடித்துவிட்டு "என் தவறு" என்று எழுதினேன்.

தோள் வலி என்று எழுதியதையும் அடித்தேன். தோளில் ஒன்றும் இல்லை. அவர் கட்டிய கயிற்றை நம்பிச் சாய எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மே 23, சனி

ஒரு வாரமாகத் தேனீ அடங்கட்டும் என்று ரோட்டுப் பக்கமே போகவில்லை. லைனுக்குப் பின்னால் கொய்யா மரத்தில் இரண்டடி உயரத்தில் பலகை கட்டிப் பெல்ட்டோடு சாயப் பழகுகிறேன். இரண்டடிதான். விழுந்தால் கோழிதான் பயப்படும். ஆனாலும் முதல் பத்துத் தரம் கை தானாகக் கிளையைப் பிடித்தது. அம்மா வாசலில் நின்று, "பொறந்த நாள்ல இருந்து நிமுந்தே நின்னா இப்படித்தான்" என்றாள்.

நாற்பது தரம். பாதம் பலகையில், பின்பக்கம் கொஞ்சம் தள்ளி, நாணை நேராக நின்று இழுத்து, பிறகு இடுப்பில் மடங்கி, எடை முழுவதும் கயிற்றில். கயிறு விறைத்ததும் உடம்பு ஆடாமல் நிற்கிறது. நின்ற பிறகுதான் விரலை விட வேண்டும்.

மே 25, திங்கள்

மழை. பழகினேன். எழுபது தரம்.

மே 26, செவ்வாய்

மழை. எண்பத்தைந்து. மேடத்துக்கு ஃபோனில் யாரோ, இந்த வருடம் விட்டுவிடலாமே என்றார்களாம். மேடம் என்னைப் பார்த்தார். முப்பதாம் தேதி ஏழு மணிவரை அனுமதி இருக்கிறதே என்றேன்.

மே 28, வியாழன்

ஏறினேன். ஒரே அம்பு. பாதி சாய்ந்தேன். கவைக்கு ஒரு சாண் கீழே, தண்டில் குத்தி விழுந்தது. இந்த வேலையில் முதல்முறையாகக் கீழே போன அம்பு. இதற்கு யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன்.

மே 29, வெள்ளி

காலை ஐந்தரைக்குப் போனால் சவரி மரத்தடியில் கயிறு சுற்றிக்கொண்டிருக்கிறார். இடது கண்ணுக்குள் இன்னும் புகை மாதிரி இருக்கிறதாம். கோயம்புத்தூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். எப்போது போகப் போகிறீர்கள் என்றேன். பார்க்கலாம் என்றார்.

பனி இறங்கி எதிர் மரமே தெரியவில்லை. ஏழு மணிவரை பரணில் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினேன். ஒரு நாள் போயிற்று.

மே 30, சனி

ஆறு மணிக்கும் பனி. ஆறேகாலுக்கும் பனி. சவரி என்னோடு பரணுக்கு ஏறிவந்து கயிற்றைக் கட்டினார். "கட்டியிருக்கு. சாஞ்சுக்க" என்றார். அதே வார்த்தை. பிறகு இறங்கி, சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு, அதே தேன்மரத்தடிக்குப் போனார். வேறு யாரையும் அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை.

நான் முடிச்சை இழுத்துப் பார்த்தேன். ஒரு தரம். அத்தோடு கையை எடுத்துவிட்டேன்.

ஆறு நாற்பதுக்குப் பனி விலகியது. கவை தெரிந்தது. காற்று இல்லை. முறத்தில் நரம்பு காய்ந்திருந்தது. குறிமுள் முப்பதில். கால்களைத் தள்ளி வைத்து, மைதானத்தில் நிற்பதுபோல நேராக நின்று நாணை இழுத்தேன். மோவாயில் பட்டது. பிறகு மடங்கினேன். பலகை கண்ணிலிருந்து மறைந்தது, கீழே ரோடு, ரோட்டில் மேடத்தின் வெள்ளைத் தொப்பி, எனக்கும் அதற்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. இன்னும் மடங்கினேன். கயிறு விறைத்தது. பிடித்தது. நான் அதில் நின்றேன்.

முள் கவையின் இடது பாதிக்கு வந்து அங்கேயே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. விரல் எப்போது விட்டது என்றும் தெரியாது. முறத்தில் நரம்பு சரசரவென்று ஓடித் தீர்ந்து நின்றது.

வாக்கியில் சத்தமே இல்லை. ஐம்பது கொட்டு வாங்கிய ஆள் அடியில் நிற்கிறார், நான் நரம்பைத் தொடவில்லை. விரலை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டேன். நரம்பைத் தொட மாட்டேன், சத்தியமாகத் தொட மாட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"லூர்து" என்றார். மெதுவாக, தேனீக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல. "அம்பு என் கையில இருக்கு. எடப்பக்கம்."

பரணில் உட்கார்ந்து அழுதேன். ஏழு மணிக்குள் கயிறு கவையைத் தாண்டிவிட்டது.

ஜூன் 2, செவ்வாய்

பாலம் கட்டியாகிவிட்டது. லாரி கீழே போனால் அதற்கு மேலே இன்னும் இரண்டு லாரி உயரம் இருக்கிறது. மந்தி ஒன்றுகூட வரவில்லை. மேடம் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, முப்பதாம் தேதி மட்டும் ஏன் ஒரு டிக் என்று கேட்டார். அன்றைக்கு ஒன்று போதுமாக இருந்தது என்றேன்.

ஜூன் 6, சனி

மழை. மந்திகள் தரையிலேயே கடக்கின்றன. பாலத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. குடையோடு ரோட்டில் நின்று வண்டிகளை நிறுத்துகிறோம். என்னைத் திட்டாத டிரைவர் இந்த ரோட்டில் இனி இல்லை.

ஜூன் 9, செவ்வாய்

காலை 8.10. தூறல். கிழிந்தகாது குட்டியோடு மேட்டு மரத்துக்கு வந்தது. பாலத்தின் முனையில் உட்கார்ந்தது. ஒரு கையால் குழாயை இழுத்துப் பார்த்தது. பின்னால் போய்விட்டது. திரும்ப வந்து இழுத்துப் பார்த்தது. மறுபடி பின்னால். மூன்றாம் தரமும் இழுத்துப் பார்த்தது.

பக்கத்தில் குடை பிடித்திருந்த சவரி, "யாரோ மாதிரியே இருக்குல்ல?" என்றார். பேசாமல் இருங்கள் என்றேன்.

நாலாம் தரம் ஏறியது. குட்டி வயிற்றில் ஒட்டிக்கொண்டது. நடுவில் குழாய் ஆடியபோது நின்றது. கீழே ஒரு லாரி போயிற்று. அது போகும்வரை இருந்துவிட்டு, மீதியை ஓடியே கடந்தது. அதன் பின்னால் ஒன்று, இரண்டு, ஐந்து, பதினொன்று. பதினேழையும் நான் எண்ணினேன்.

முன்பக்கத்தில் எழுதியது: 17. எல்லாம் மேலே.

பிறகு சவரியிடம் சொன்னேன், சனிக்கிழமை கண்ணாஸ்பத்திரிக்குப் போகிறோம், பஸ் ஸ்டாண்டில் ஆறரைக்கு நிற்பேன், ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக நிற்க மாட்டேன் என்று.

ஜூன் 13, சனி

இதைப் பஸ்ஸில் எழுதுகிறேன், கையெழுத்து கோணலாகத்தான் வரும்.

ஆறு மணிக்கே போய்விட்டேன். தெரிந்துகொள்ளத்தான். அவர் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு. முகம் வெளிறிப்போயிருந்தது. எப்போது வந்தீர்கள் என்றேன். "அஞ்சே முக்கால். மரத்துப் பக்கம் போயிடக் கூடாதுன்னு நேரா இங்க வந்துட்டேன்."

நாற்பது கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டே இறங்கினார். இப்போது பொள்ளாச்சி தாண்டியாயிற்று. வண்டிகள் கூடிக்கொண்டே வருகின்றன. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருக்கிற அவர் கை, விரல் மூட்டெல்லாம் வெள்ளையாக இருக்கிறது. ஒவ்வொரு ஹாரனுக்கும் முதுகு விறைத்து எழும்புகிறது.

அந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்தேன்.

"நான் இருக்கேன்ல" என்றேன். "சாஞ்சுக்குங்க."